ரத்துக் கோடு

வாசலையொட்டிய நாற்காலியில் அத்தான் சேவியர். எதிர்ச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டியபடி சித்தி கிருபாவதி. அச்சு இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி, உட்காரப் பொறுமையில்லாமல் ஓவியன் ஞானதுரை. அக்கா ஜெயமேரி திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். நடுவில் மேஜைமேல் அவள் முகம் வரைந்த அச்சுக்கல்.

எட்டுத் தாளில் அச்செடுத்தாயிற்று. இனி யாரும் எடுக்கமுடியாதபடி கல்லின் குறுக்கே ஊசியால் கோடு கீறி, அந்தக் கோட்டோடு ஒரே ஒரு தாள் எடுத்து அத்தாட்சியாக அனுப்பவேண்டும். சென்னைக் கண்காட்சிக்காரர்களின் விதி. ஆறு வருஷமாக விண்ணப்பித்து இப்போதுதான் தேர்வாகியிருக்கிறான். இன்றைய தபாலை விட்டால் இடம் அடுத்தவனுக்கு.

"உசுரோட இருக்கவ மூஞ்சியில கோடு கிழிப்பியாடா?" சித்தி நான்காவது முறையாகக் கேட்டாள்.

"கல்லுல சித்தி. அக்கா மூஞ்சியில இல்ல."

"அப்ப மாதா படத்துல கிழி பாப்போம். அதுவும் தாளுதான?"

சேவியர் வேறு கட்சி. "கிழிக்கிறதுக்கு முன்ன வீட்டுக்கு நாலு அடிச்சுக் குடு மாப்ள."

"எட்டுன்னு சொன்னா எட்டுதான் அத்தான். ஒம்பதாவது அடிச்சா நான் பொய்யன்."

"கல்யாணப் பத்திரிகை ஆயிரம் அடிக்கிறாக. அவுகெல்லாம் பொய்யனா?"

ஞானதுரை தலையில் அடித்துக்கொண்டான்.

மதியம் ஜெயமேரி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். "இது யாரு மூஞ்சி?"

"ஒன் மூஞ்சிதான்க்கா."

"அப்ப எங்கிட்ட கேக்காம இங்கன என்ன பஞ்சாயத்து? குடு அந்த ஊசிய."

சித்தி 'சேசுவே' என்று எழுந்திருப்பதற்குள் நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பு. குறுக்கே இன்னொன்று. கொடியைக் கவாத்து வெட்டுகிற கை.

மை உருட்டி, தாள் வைத்து அழுத்தி எடுத்தான். எட்டுத் தாளிலும் போட்டோ ஸ்டுடியோவில் உட்கார்ந்தவள்போல அடங்கியிருந்த முகம், இப்போது இரண்டு வெள்ளைக் கோடுகளுக்குப் பின்னாலிருந்து முறைத்தது. இதுதான் அக்கா. எட்டும் வீண்.

சேவியர் எட்டிப் பார்த்தார். "இது ஜோரா இருக்கே! இதுல ரெண்டு அடி மாப்ள."

"வாய மூடுங்க அத்தான்!" தனக்கும் அதேதான் தோன்றியது என்பதில் அவனுக்கு எரிச்சல் இரட்டிப்பானது.

'எட்டுப் பிரதிகளும், ரத்துப் பிரதி ஒன்றும் இணைத்துள்ளேன். இந்தக் கல்லில் இதுவே கடைசி' என்று எழுதி, 14.7.2003 என்று தேதியிட்டான். 'கடைசி' மட்டும் கோணலாக விழுந்தது. கிளம்பும்போது சித்தி கல்லின் கீறலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

தபாலாபீசில் அட்டைகளுக்கு நடுவே தாள்களை அடுக்கி, கடிதத்தை மேலே வைத்து நாலு பக்கமும் ஒட்டினான். தபால்காரர் ராஜமணி முத்திரையை ஓங்கினார்.

"மெல்ல சார், மெல்ல!"

நங்கென்று நடுவில் இறங்கியது.