டாக்டர்தான் கொலைகாரன்

அப்பாவைத் தூக்கக் குனிந்த நான்கு பேரையும் செவ்வந்தி கை நீட்டித் தடுத்தாள்.

"இன்னும் பத்து நிமிசம்ங்ணா. தம்பிதுரை மாமா வந்துரட்டும்."

அண்ணன் ரவிக்குமாருக்கு எரிச்சல். "மூணு மணிக்கு மின்மயானத்துல டைம் வாங்கியிருக்குது அம்மணி. அறுவது வருசமா பேசாத மனுசன் இன்னிக்கா வரப்போறாரு?"

வந்துதான் ஆகவேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

அப்பா வேலனும் தம்பிதுரையும் ஒரே மில், ஒரே ஷிப்ட், ஒரே நாடகக் குழு. துப்பறியும் நாடகம் ஒன்றைக் கணபதியில் ஆரம்பித்துப் போத்தனூர் ரயில்வே காலனி வரை நாற்பது மேடை போட்டார்கள். வேலன்தான் கொலைகார டாக்டர், தம்பிதுரை இன்ஸ்பெக்டர். திரை விழுகிற நிமிடம் வரை டாக்டர் மேல் ஒரு ஈ காக்காய்க்குக்கூடச் சந்தேகம் வராது. நாடகம் முடிந்ததும் மீசை ஒட்டிய பசைகூடக் காயாமல் இரண்டு பேரும் டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுவிட்டு, அன்றைக்கு யாருக்குக் கைதட்டல் அதிகம் என்று சண்டை போட்டபடி வீடு வரை நடந்தே வருவார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அப்பாவுக்கு வயசே தெரியாது.

அந்த நாடகத்தை ஒரு கம்பெனிக்காரர் கறுப்பு வெள்ளையில் படமாக எடுத்தார். எடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம். முகவெட்டு நன்றாக இருக்கிறதென்று டாக்டர் வேஷத்தைத் தம்பிதுரைக்குக் கொடுத்துவிட்டார். வேலனுக்குக் காபித் தம்ளர் தூக்கிவரும் வேஷம்கூட இல்லை.

வயிற்றெரிச்சல் மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது! படம் வெளியான அன்று மேட்னி டிக்கெட் வரிசையில் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை காதோடு காதாக, "டாக்டரா வர்றவன்தான் கொலைகாரன்" என்று வேலன் சொல்லிக்கொண்டே போனார். உள்ளே தம்பிதுரை தலையைக் காட்டியபோதெல்லாம் "அவன்தாண்டா!" என்று தியேட்டரே கத்தியது. அவர் அழுத காட்சிக்கு விசில் பறந்தது. அஞ்சாம் நாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அடுத்த படத்துக்குப் பேசி வைத்திருந்தவர்கள் அதற்கப்புறம் தம்பிதுரையைக் கூப்பிடவே இல்லை. அவர் பழையபடி மில்லுக்கு வந்தார். பக்கத்துப் பக்கத்து மெஷினில் முப்பது வருசம்; ஒரு வார்த்தை கிடையாது.

இதை நினைத்தால் செவ்வந்திக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் அப்பா மேல் கோபமும் வரும்.

போன வாரம் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் செஞ்சது தப்புன்னு அவங்கிட்டச் சொல்லோணும் கண்ணு. வரச் சொல்லு." சோமனூருக்கே போய்ச் சொன்னாள். தம்பிதுரை கேட்டுக்கொண்டதோடு சரி. இன்று காலை சாவுச் சேதி சொல்லப் போன் செய்தபோதும் அவர் மருமகள்தான் எடுத்தாள்.

"போதும் அம்மணி. தூக்குங்கப்பா" என்றான் ரவிக்குமார்.

அப்போதுதான் வாசலில் வாடகைக் கார் நின்றது. கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையோடு, கார்க் கதவைப் பிடித்துப் பிடித்து ஒரு கிழவர் இறங்கினார். செவ்வந்தி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"வந்துட்டீங்களா மாமா."

"அவனே நேர்ல வருவான், வருவான்னு இருந்துபோட்டேன் கண்ணு. படுத்துக் கெடக்கறவன் எப்படி வருவான்? நாந்தான் வந்திருக்கோணும்."

வேலனின் கால்மாட்டில் போய் நின்றார். பிறகு முதுகை நிமிர்த்தி, அந்த உடம்பிலிருந்து வருமென்று யாரும் நினைக்காத குரலில் கேட்டார்:

"சொல்லுங்கள் டாக்டர். இதைச் செய்தது யார்?"

பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். பெரியவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்று ரவிக்குமார் முன்னால் வந்தான். செவ்வந்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நாடகத்தின் கடைசிக் கேள்வி அது. அதற்கு டாக்டருடைய பதில் 'நான்தான்' என்ற ஒரே வார்த்தை, அதோடு திரை. அப்பா பேசிக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அது அப்பா சொல்ல வேண்டியது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தம்பிதுரை வேலனின் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"செரிடா" என்றார்.

பிறகு தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து, வீட்டார் வாய்க்கரிசி போட்டபோது வேலனின் கன்னத்தில் ஒட்டிக்கொண்ட அரிசி ஒன்றை விரலால் எடுத்துவிட்டார்.