புல்லி பிடிக்க ஓர் ஆள்

“புடிச்சியா?”

“புடிச்சேன்.”

“விட்டுறாத. நான் சொல்ற வரைக்கும் விட்டுறாத.”

இருபத்தாறு வருஷமாக இதே பேச்சுதான். ஹாஜிரா கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து இரும்புப் பட்டையின் நுனியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பட்டையின் மறுநுனி ஜீப் என்ஜினின் முன்பக்கத்து கிராங்க் புல்லிச் சக்கரத்தில் மாட்டியிருந்தது. நடுவில் இருக்கும் பெரிய போல்ட்டை முறுக்கினால் புல்லியும் கூடவே சுற்றும். அது சுற்றாமல் பிடித்துக்கொண்டால்தான் போல்ட் இறுகும். ஹயாத் பாஷா ஜீப்புக்கு நேர் முன்னால் குந்தியிருந்து, ஸ்பானர் பிடியில் நீளமான பைப்பைச் செருகி முறுக்கிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே மட்கார்டு. அவள் இடத்திலிருந்து அவருடைய ஒரு கால் மட்டும் தெரிந்தது, ஹவாய்ச் செருப்போடு.

அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் மூன்று மெக்கானிக் ஷெட்டுகள் உண்டு. மற்ற இரண்டிலும் வேலையாட்கள் இருந்தார்கள். பாஷா பாய் மட்டும் வீட்டு முற்றத்தையே ஷெட்டாக வைத்துக்கொண்டு ஒண்டியாளாகக் காலம் தள்ளினார். எல்லா வேலையையும் தனியாகச் செய்வார். புல்லி போல்ட் வந்தால் மட்டும் உள்ளே பார்த்து ஒரு குரல் வரும்: “ஹாஜிரா, புல்லி!”

அவள் கையில் மாவு இருக்கும், தலை ஈரமாக இருக்கும், அடுப்பில் குழம்பு கொதிக்கும். தெருவில் போகிறவர்கள் பார்க்காதபடி முற்றத்துக் கேட்டைச் சாத்திவிட்டு முணுமுணுத்துக்கொண்டே வருவாள். “ஊர்ல பொஞ்சாதிய சினிமாவுக்குக் கூப்புடறாங்க. எனக்கு வாச்சது புல்லிக்குக் கூப்புடுது.”

“கல்லையோ கட்டையையோ முட்டுக் குடுத்தா ஆவாதா?” என்று ஒருமுறை கேட்டும் பார்த்தாள்.

“இரும்புக்கு முட்டுக் குடுத்தா புல்லி ஒடஞ்சுரும். மனுசக் கைதான் வேணும்.”

தொழில் தெரிந்தவர் சொன்னால் சரிதான் என்று விட்டுவிட்டாள்.

கல்யாணமான முதல் வருஷம், பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள் என்று சட்டென்று கையை எடுத்துவிட்டாள். ஸ்பானர் சுழன்று, அவருடைய விரல் முட்டிகள் நாலும் கிழிந்தன. அவர் ரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டு, “நான் சொல்லாம விடாத” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அதற்குப் பிறகு வீடே பற்றி எரிந்தாலும் அவர் சொல்லாமல் விட்டதில்லை.

ஊராரிடம் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருக்கிற மனுஷர், புல்லியருகே மட்டும் பேசுவார். ஒரு இழுப்பு இழுப்பார், மூச்சு வாங்குவார், ஏதாவது கேட்பார். என்ன குழம்பு? மழை வருமா? பென்னாகரத்தில் கட்டிக்கொடுத்த மகள் ரஹமத் கடுதாசி போட்டாளா? அப்புறம் இன்னொரு இழுப்பு. ஒரு போல்ட்டுக்கு அரைமணி நேரம் ஆகும்.

அன்றைக்கும் அப்படித்தான். சித்தேரி மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் அது. காலை பத்து மணி இருக்கும். இரண்டு இழுப்பு இழுத்தார். “மலைக்காரங்க நாளைக்கே வண்டி வேணுங்கறாங்க” என்றார். மூன்றாவது இழுப்பில் ‘ஹக்’ என்று ஒரு சத்தம் வந்தது. பட்டையின் மேல் இருந்த பாரம் குறைந்தது.

மூச்சு வாங்குகிறார் என்று அவள் நினைத்தாள். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. காலையில் டீயில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டதற்குக் கோபமோ என்று நினைத்தாள். உள்ளே சோற்றுப்பானை பொங்கி வழிந்து அடுப்பில் சுர்ரென்றது. அப்போதும் அவள் விடவில்லை.

“ஏங்க, ஆச்சா?”

பட்டையை விடாமலே குனிந்தாள்.

“வுடட்டுமாங்க?”

அந்தக் காலிலிருந்து செருப்பு கழன்று கிடந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

டாக்டர் வந்தார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, “அரைமணி நேரம் ஆயிருக்கும்மா. ஹார்ட்டு” என்றார். அவள் கூச்சல் போட்டு அக்கம்பக்கம் ஓடிவந்து, ஆள் போய் டாக்டரைக் கூட்டிவர ஆன நேரத்தை ஹாஜிரா மனதிலேயே கழித்துப் பார்த்தாள். மிச்சமிருந்தது அவள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்.

பகல் ஒரு மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. அவரைக் கூடத்தில் கட்டிலில் கிடத்தி வெள்ளைத் துணியால் போர்த்தியிருந்தார்கள். ரஹமத்துக்கு ஆள் போயிருந்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று முடிவாயிற்று. வருகிற பெண்கள் எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அப்புறம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“பக்கத்துலயேதான் இருந்தியாமே? ஒண்ணுமே தெரியலியா?”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என்ன சொல்வாள்? அவர் சாகும்போது நான் புல்லி பிடித்துக்கொண்டிருந்தேன் என்றா? அவர் கையை எட்டிப் பிடித்திருக்கலாம். தண்ணீர் கொடுத்திருக்கலாம். காதில் கலிமா ஓதியிருக்கலாம். கல்லுளிமங்கி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அதற்கும் பேச்சு கிளம்பியது.

ஒரே ஒரு ஆசைதான் அவளுக்கு மிச்சமிருந்தது. துணிக்கு வெளியே அவருடைய வலது கை கொஞ்சம் தெரிந்தது. அதை ஒருதரம் பிடிக்க வேண்டும். மெல்ல நகர்ந்து கையை நீட்டினாள்.

“தொடாத!” ஜான் பீ அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். ஜான் பீ அவருடைய அக்கா. தாய் போனபின் தம்பியை வளர்த்தவள். அவள் கண்களும் வீங்கியிருந்தன. “மவுத்தானதும் நிக்காஹ் அறுந்துபோச்சு. இனிமே நீ அன்னியம். மூஞ்சியப் பாத்துக்க, கை வெக்காத. அவனுக்குத்தான் பாவம்.”

அவனுக்குப் பாவம் என்ற பிறகு என்ன பேச முடியும்? ஹாஜிரா கையை மடியில் வைத்துக்கொண்டாள். இரும்புப் பட்டை அழுத்திய சிவப்புக் கோடு உள்ளங்கையில் இன்னும் இருந்தது.

மூன்று மணி சுமாருக்கு முற்றத்தில் ஆண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. குளிப்பாட்ட இடம் வேண்டும், ஜீப்பைத் தெருவுக்குத் தள்ள வேண்டும் என்றார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பக்கத்து ஷெட் குப்புராஜ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் குனிந்திருந்தான். பாயிடம்தான் அவன் தொழில் கற்றான்.

“இருங்க, தள்ளாதீங்க” என்றான் குப்புராஜ். “போல்ட் பாதிலதான் நிக்குது. பாய் கை வெச்ச வேல அரகொறயா நிக்கக் கூடாது. ஒரு நிமிசம், முறுக்கிடறேன்.”

ஹாஜிரா எழுந்துவிட்டாள். யோசித்து எழவில்லை. கால்கள் தாமாக எழுந்தன. ஜன்னல் கம்பியருகே போய், “குப்புராஜு, புல்லியப் புடிக்க ஆள் வேணுமே. நான் வரட்டா?” என்றாள்.

பின்னால் ஜான் பீ, “பைத்தியமாடி உனக்கு!” என்றாள்.

குப்புராஜ் நிமிர்ந்தான். “அய்யோ, நீங்க உக்காருங்க அண்ணி. இதுக்கெதுக்கு ஆளு?” அவன் இரும்புப் பட்டையின் நுனியைத் தூக்கி ஜீப்பின் அடிச்சட்டத்தில் சாய்த்தான். ‘டக்’ என்று உட்கார்ந்தது. “இப்படி அண்டக் குடுத்தா அது பாட்டுக்கு நிக்குங்க. ஒத்தை ஆளு வேல.”

“புல்லி ஒடஞ்சுரும்.”

“யாரு சொன்னது? பாய்தானுங்களே எனக்கு இதச் சொல்லிக் குடுத்தாரு. எங்க ஷெட்டுக்கு வந்தார்னா கால் நிமிசத்துல தனியா முறுக்கிட்டுப் போயிருவாரு.”

அவன் பைப்பைச் செருகி இரண்டு இழுப்பு இழுத்தான். அவ்வளவுதான், வேலை முடிந்தது. பட்டையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஜீப்பைத் தள்ளப் போய்விட்டான்.

ஹாஜிரா ஜன்னலருகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பொய்யன். இருபத்தாறு வருஷம் ஏமாற்றியிருக்கிறார் மனுஷன். ‘வா, கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு’ என்று பெண்டாட்டியிடம் சொல்ல வாய் வராதவர், அதற்கு ஒரு போல்ட்டைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அவளோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறாள். ‘சீக்கிரம் ஆவட்டுங்க, அடுப்புல வேல கெடக்குது’ என்று விரட்டியிருக்கிறாள். எத்தனை தடவை, எத்தனை ஜீப், எத்தனை லாரி! தெரிந்திருந்தால் இரும்பைப் பிடித்த பிடியில் பாதியாவது அவரைப் பிடித்திருப்பாளே. இப்போது அழுகை வந்தது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். “நல்லது, அழுவட்டும், அழுவட்டும்” என்றாள் ஒருத்தி.

குளிப்பாட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். உடலில் சுற்றக் கஃபன் துணி வந்துவிட்டது. முற்றத்துக் கல் அடுப்பில் அண்டா நிறையத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் கூடத்து வாசலில் கட்டியிருந்த திரைக்கு வெளியே நின்று, “பொம்பளைங்க மூஞ்சி பாத்துட்டு ஒதுங்கிக்குங்கம்மா, மய்யித்த எடுக்கணும்” என்றார்.

ஹாஜிரா முகத்தைத் துடைத்தாள். ஆண்கள் இருக்கும் இடத்தில் அவள் குரல் உயர்ந்ததே கிடையாது. திரையருகே போய் நின்றாள்.

“ஹஜ்ரத், ஒண்ணு கேக்கணும்.”

திரையின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“அவுரு கையப் புடிக்கலாமுங்களா? நான் புடிச்சா அவருக்குப் பாவம்னு சொல்றாங்க.”

 வெளியே ஹஜ்ரத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “யாரும்மா அப்படிச் சொன்னது? மவுத்தான பொஞ்சாதியப் புருசன் தொடலாமாங்கறதுலதான் பேச்சு இருக்குது. மவுத்தான புருசனப் பொஞ்சாதி தொடலாம். குளிப்பாட்டவே கூடச் செய்யலாம். இத்தா இருக்கற நாலு மாசம் பத்து நாளும் நீங்க அவரு பொஞ்சாதிதாம்மா. எந்தப் பாவமும் இல்ல.”

யாரும் ஜான் பீயைப் பார்க்கவில்லை. ஜான் பீ தம்பியின் கட்டிலைப் பார்த்தாள், ஹாஜிராவைப் பார்த்தாள். “எங்கம்மா மவுத்தானப்போ எங்கப்பாவையும் இப்படித்தான் சொல்லி நிறுத்துனாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்டி” என்றாள். எழுந்து, மற்றப் பெண்களையும் எழுப்பி உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகிறபோது கதவைச் சாத்தினாள்.

ஹாஜிரா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். வலது கையைத் துணிக்கு அடியிலிருந்து முழுதாக வெளியே எடுத்தாள். குளிர்ந்து விறைத்திருந்தது. விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. நகக்கண்களில் கிரீஸ். அந்த விரல்களுக்குள் தன் விரல்களை நுழைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“கொழம்பு வெக்கல” என்றாள். “சோறுதான் ஆச்சு. அதுவும் கொழஞ்சு போச்சு.”

அப்புறம், ரஹமத் வந்துகொண்டிருப்பாள் என்று சொன்னாள். பஸ் தர்மபுரி சுற்றித்தானே வர வேண்டும் என்றாள். மழை வருகிற மாதிரி இல்லை என்றாள். ஒவ்வொன்றாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி.

முற்றத்தில் யாரோ, “தண்ணி காஞ்சு எவ்ளோ நேரமாச்சு, ஆறுதுங்களே ஹஜ்ரத். அஸருக்கு நேரமாவுது, உள்ள சொல்லட்டுங்களா?” என்பது கேட்டது.

“இருக்கட்டும்” என்றார் ஹஜ்ரத். “இன்னும் ரெண்டு வெறகு வையி.”