முழுதும் அறிந்த தலைவர்

லாபு பக்கத்து எஸ்டேட் மாரியம்மன் கோயில் தலைவர் திருச்செல்வம், தமக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று பதினோரு ஆண்டுகளாக மைக்கில் சொல்லி வந்தவர். செவ்வாய்க்கிழமை காலை, பேங்க் கவுண்டரில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தி, "அங்கிள், உங்க அக்கவுன்ட முடக்கிட்டாங்க. போலிஸ் உத்தரவு" என்றாள். அவருக்கு முதலில் காது வியர்த்தது.

கோயிலுக்குப் பதிவு இல்லை. அதனால் கோயில் பணமும் தலைவர் பெயரிலேயே கிடந்தது. இதை யாராவது குறையாகச் சொன்னால், "என்னைய நம்பலியா?" என்பார். பேச்சு அங்கே முடிந்துவிடும்.

போன மாதம் கோலாலம்பூரிலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் போன் செய்தார். திருவிழாவுக்கு இரண்டாயிரம் வெள்ளி நன்கொடை தருவதாகச் சொன்னார். கணக்கில் வந்து விழுந்ததோ பன்னிரண்டாயிரம். மிச்சம் பத்தாயிரத்தைத் தம் அன்னதானக் கான்ட்ராக்டர் கணக்குக்கு அனுப்பிவிடச் சொன்னார் டத்தோ. மூன்று முறை "ஐயா" போட்டுச் சொன்னதால் திருச்செல்வம் அன்று மாலையே அனுப்பிவிட்டார். நன்றி பேனரில் அச்சடிக்க டத்தோவின் படம் கிடைக்கவில்லை. தம் படத்தையே இரண்டு இடத்தில் போட்டுக்கொண்டார்.

சிரம்பான் வணிகக் குற்றப் பிரிவிலிருந்து ஒரு பெண் இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை போன் செய்திருந்தார். திருச்செல்வம் அவரை மோசடிக்காரி என்று தீர்மானித்து, இரண்டு தடவையும் வைத்துவிட்டு, "ஏமாத்த வேற ஆள் பாரு" என்று மனைவி காதில் விழும்படி சிரித்திருந்தார். இப்போது பேங்க் வாசலில் நின்று அதே எண்ணுக்கு அவரே கூப்பிட்டார்.

இன்ஸ்பெக்டர் கோபப்படாமல் விளக்கினார். அந்தப் பன்னிரண்டாயிரம் ரெம்பாவில் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸுடையது. யாரோ அதிகாரி மாதிரி பேசி அவரை மிரட்டிப் பிடுங்கிய பணம். அது இவர் கணக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. இப்படிச் சுமந்துகொடுக்கும் கணக்குக்கு 'கழுதைக் கணக்கு' என்று பெயர். தெரிந்து சுமந்திருந்தால் சிறை.

"தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா, அதுதான் கேள்வி. வியாழன் பத்து மணிக்கு வாருங்கள். ஆதாரம் இருந்தால் கொண்டு வாருங்கள்."

ஆதாரம் என்றதும் கூட்டக் குறிப்புப் புத்தகம் ஞாபகம் வந்தது. செயலாளர் தனலெட்சுமி வேலை முடிந்து வரும்வரை அவள் வீட்டு வாசலில் காத்திருந்தார். சிரம்பானில் கிளார்க் வேலை பார்ப்பவள். ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர் சொல்லச் சொல்ல எழுதுவது அவள்தான்.

டத்தோ பணம் வந்த மாதத்துப் பக்கத்தைப் புரட்டி வாசித்தாள்: "தலைவர் அவர்கள் பணத்தின் மூலத்தைத் தீர விசாரித்து, முழுதும் அறிந்த பின்னரே பத்தாயிரம் வெள்ளியை அனுப்பினார்கள். செயலாளரின் சந்தேகம் அறியாமை எனக் குறிக்கப்பட்டது."

திருச்செல்வம் புத்தகத்தை இழுத்துத் தாமே ஒரு தடவை வாசித்தார்.

"நான் எங்கம்மா விசாரிச்சேன்?"

"அதத்தான் தலைவரே அன்னிக்கு நானும் கேட்டேன்."

"கிழிச்சிரு தனம்."

"பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கு. கிழிச்சா அது இன்னொரு கேஸ். உங்களோட நானும் போய் உள்ள உக்காரணும். எனக்கு வேல இருக்கு லா."

"அப்ப என்னைய உள்ள போட்ருவாங்களா?"

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் தனலெட்சுமி.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். தமக்கு ஏதாவது ஒரு விஷயம் தெரியாமல் இருந்ததாக எங்காவது ஒரு வரி கிடைக்காதா என்று இரண்டு ராத்திரி தேடினார். சாக்கடை அடைத்தது, ஜெனரேட்டர் எரிந்தது, கும்பாபிஷேகத்தன்று மழை கொட்டியது, எல்லாவற்றையும் தலைவர் முன்கூட்டியே அறிந்திருந்தார். பதினோரு ஆண்டுகளில் அவர் அறியாதது ஒன்றுகூட இல்லை.

வியாழன் காலை போலிஸ் பாலாயில் தனலெட்சுமி அந்தப் பக்கத்தை மலாயில் சொன்னாள். ஒரு சொல் விடவில்லை. இன்ஸ்பெக்டர் டைப் அடிப்பதை நிறுத்தினார்.

"இது உண்மையா?"

உண்மை என்றால் சிறை. திருச்செல்வம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பொய்."

"காதில் விழவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள்."

"பொய். நான் விசாரிக்கல. நான் சொன்னேன், அவ எழுதுனா."

"மற்ற பக்கங்கள்?"

"அதுவும் அப்படித்தான்."

"பிறகு ஏன் பணத்தை அனுப்பினீர்கள்?"

"என்னைய ஐயான்னு கூப்பிட்டாரு."

இன்ஸ்பெக்டர் சிரித்திருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை, அதையும் டைப் அடித்தார். வாக்குமூலத்தை அச்சடித்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார். அவருடைய கைப்பேசியை வாங்கி உறையில் போட்டு முத்திரை வைத்தார்.

"நீங்கள் சொன்னதை நம்புவதா, புத்தகத்தில் இருப்பதை நம்புவதா என்று அரசு வழக்கறிஞர் முடிவு செய்வார். வழக்குப் போட்டால் கூப்பிடுவோம்."

"எப்ப?"

"தெரியாது," என்றார் இன்ஸ்பெக்டர் வெகு சாதாரணமாக.

பிறகு ஜாமீன் படிவத்தை நீட்டினார். தனலெட்சுமி ஜாமீன்தாரர் இடத்தில் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை அவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை.

"தனம், இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லும்மா. எனக்குப் புரியல."

அவள் வரி வரியாகச் சொன்னாள். கூப்பிட்ட நாளில் வராவிட்டால் என்ன ஆகும் என்ற வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.