உஷாராணி சொல்லாத வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஒரு திருப்பம் மாதிரி ஆகிவிடும், நீங்கள் "அட" என்பீர்கள், எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமை வேண்டாம்.

எடப்பாடியில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் தட்டச்சராக இருந்தேன். ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் ஆகிறது. ஊருக்கு இன்னும் டைப்பிஸ்டம்மாதான். எப்போதாவது பத்திரிகைக்குக் கதை எழுதுவேன். அதைவிட அதிகம் மனு எழுதுவேன். பட்டா, உதவித்தொகை, குடிநீர்க் குழாய். டைப்பிஸ்டம்மா மனுவைப் படித்தால் கலெக்டருக்கே கண் கலங்கும் என்பார்கள். காரணம், மனுவிலும் நான் ஆட்களைப் பேச விடுவேன். கதையானாலும் காரியமானாலும் எனக்கு எல்லாம் பேச்சாகத்தான் காதில் விழும். இடம், வெயில், சுவரின் நிறம் எதுவும் எனக்கு வராது. யாரோ கேட்கிறார்கள், யாரோ பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

(அ) "முப்பத்தேழாவது வாரத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே, அகல்யா தன் வயிற்றுக்குள் ஓர் அமைதியை உணர்ந்தாள்." அழகாக இருக்கிறது. அவள் அப்படிச் சொல்லவில்லை. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

(ஆ) "அரசு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும்..." இது கட்டுரை. எனக்குத் தெரியாத எண்களையெல்லாம் எழுத வேண்டிவரும்.

(இ) அவள் சொன்னபடியே: "காலையிலிருந்து புள்ளை அசையலைங்க. மத்தியானம் வரைக்கும் பார்த்துட்டு, தறியை நிறுத்திப்போட்டு பஸ் ஏறிட்டனுங்க."

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

அகல்யாவுக்கு இருபத்து நான்கு வயது, விசைத்தறி ஓட்டுகிறவள். கணவன் வேல்முருகன் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தான். மாமியார் ராமாத்தாள் அன்று ஒரு துக்க வீட்டில். அதனால் மருத்துவமனைக்குத் தனியாகத்தான் போனாள். போனது நான்கு மணிக்கு என்கிறாள். பணியில் இருந்த செவிலியர் உஷாராணி. ஏழு மணிக்கு மருத்துவர் வந்து ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது இதயத்துடிப்பு இல்லை. மறுநாள் பிறந்தது பெண். தலை நிறைய முடியாம்.

கேஸ் ஷீட்டில் அவள் வந்த நேரம் ஆறு ஐம்பது என்று எழுதியிருந்தது.

காகிதத்தில் இருந்தது வீட்டிலும் உண்மையாகிவிட்டது. அசைவு நின்றதுகூடத் தெரியாமல் இருட்டுகிற வரை தறி ஓட்டியிருக்கிறாள் என்று ராமாத்தாள் தெரு முழுக்கச் சொன்னாள். வேல்முருகன் போனில் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாததைத்தான் அகல்யாவால் தாங்க முடியவில்லை.

என்னிடம் வந்து அவள் கேட்டது இவ்வளவுதான்:

"யாரையும் தண்டிக்க வேண்டாமுங்க. நான் நாலு மணிக்கே போய்ச் சொன்னேன்னு காயிதத்துல வரோணும். அது போதும்."

3

உஷாராணி உண்மையில் என்ன சொன்னாள்? அகல்யா என் முன்னால் உட்கார்ந்து சொன்னதை அப்படியே தருகிறேன்.

"புள்ளை அசையலைங்கன்னேன். அந்தக்கா என் மூஞ்சியப் பார்த்துட்டு, 'சாப்பிட்டியா சாமி? நீ வவுறு காஞ்சு கெடந்தா அதுவும் சுருண்டுதான் கெடக்கும். போய் நாலு இட்லி சாப்பிட்டுட்டு வந்து, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, அசையும்'னாங்க. போய்ச் சாப்பிட்டேன். வராண்டா பெஞ்சுல படுத்துட்டேன். அசையற மாதிரியே இருந்துச்சுங்க."

துடிப்பு இருக்கிறதா என்று யாரும் கருவி வைத்துக் கேட்கவில்லை. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். இது மனுவுக்கு ஆகாது. இதில் அலட்சியம் எங்கே இருக்கிறது? சாமி என்கிறாள், சாப்பிட்டியா என்கிறாள். படிக்கிற அதிகாரி, பாவம் நல்ல நர்ஸ் என்று அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவார். அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் என் காதில் விழுந்ததை எழுதினேன்:

"புள்ளை அசையலைன்னா, நான் என்ன உள்ளே போயா ஆட்டி விடறது?"*

நல்ல வரி. இப்போதும் சொல்கிறேன், நல்ல வரி. வெட்கக்கேடே அதுதான். எழுதி முடித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. முழுவதையும் அகல்யாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு

(இல்லை. காட்டவில்லை. முதல் பக்கத்தைப் படித்தேன். "மீதியும் இப்படித்தான் சாமி, கையெழுத்துப் போடு" என்றேன்.)

* இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். உஷாராணியை அதுவரை நான் பார்த்ததே இல்லை. முதியோர் உதவித்தொகை என்ன ஆயிற்று என்று கேட்டு வந்தவர்களிடம், என் மேஜைக்குப் பின்னாலிருந்து நானே பேசிய குரல் அது.

4

மனு கலெக்டர் ஆபீசுக்குப் போனது. விசாரணை சேலத்தில். துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். நான் போனேன்.

அதிகாரி என் வரியைச் சத்தமாகப் படித்தார். உஷாராணி அழுதுவிட்டாள். இருபது வருட வேலையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம்கூட இப்படிப் பேசியதில்லை என்றாள். அதிகாரி அகல்யாவைப் பார்த்தார்.

"இவங்க இப்படிச் சொன்னாங்களாம்மா?"

அகல்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். (எனக்குப் பேச்சுத்தான் வரும் என்றேன். இந்த முகம் மட்டும் வருகிறது.)

"இல்லீங்க. சாப்பிட்டுட்டு வந்து படுன்னுதான் சொன்னாங்க. நாலு மணிக்கு."

உஷாராணி தலையைத் தூக்கினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அதிகாரி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "சாப்பிடச் சொன்னதா மனுவுல எங்கயுமே இல்லையேம்மா" என்றார். உஷாராணி வாயை மூடிக்கொண்டாள்.

உங்களுக்கு முன்பே புரிந்திருக்கும். எனக்கு அந்த அறையில்தான் புரிந்தது. சாப்பிட்டுவிட்டு வா என்று உஷாராணி சொன்னாள் என்றால், அகல்யா ஆறு ஐம்பதுக்கு வெகு முன்பே வந்து சொல்லியிருக்கிறாள். வயிற்றில் கை வைத்துக்கூடப் பார்க்காமல் அவள் அனுப்பியிருக்கிறாள். அன்பாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. காரம் போதாது என்று அதைத்தான் எடுத்துப் போட்டேன்.

"அப்ப இதை யாரு எழுதினது?" என்றார் அதிகாரி.

நான் அகல்யாவுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தேன்.

"நாந்தாங்க" என்றாள் அகல்யா. "ஆத்தரத்துல அப்படி எழுதிட்டனுங்க."

நான் பேசவில்லை. என் முறை இன்னும் வரவில்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

புகாரில் பொய் கலந்திருப்பதை மனுதாரரே ஒப்புக்கொண்டதால் முடித்துவைக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது. அதுவரை அகல்யா நேரம் கழித்துப் போனவள். இப்போது பொய் சொன்னவளும்கூட.

5

(உஷாராணியின் பக்கத்திலிருந்து ஒரு பகுதி எழுதினேன். அன்று வார்டில் அவள் ஒருத்திதான், உள்ளே இரண்டு பிரசவம் என்று. அது எனக்குத் தெரியாது. ஆறு ஐம்பது என்று எழுதியது யார், தெரிந்தே எழுதியதா, அவசரத்தில் விழுந்ததா, தெரியாது. நான்கு மணிக்கே கருவி வைத்துக் கேட்டிருந்தால் துடிப்பு இருந்திருக்குமா, அதுவும் தெரியாது. தெரியாத இடம் வந்தால் அங்கே ஒரு வசனம் போடத்தான் என் கை போகிறது. பகுதியை எடுத்துவிட்டேன்.)

6

முடிவுகள் சிலவும் எழுதினேன். ஒன்றில் உஷாராணி தானாகவே வந்து, ஆமாம், நான்கு மணிதான் என்று ராமாத்தாளிடம் சொல்கிறாள். எனக்கு வசதியான முடிவு. என் வேலையை அவள் செய்துவிடுகிறாள். இன்னொன்றில் அகல்யாவுக்கு அடுத்த குழந்தை பிறக்கிறது. போன குழந்தைக்கு அது பதில் ஆகுமா? மூன்றாவதில் அகல்யா என்னை இரண்டு பக்கத்துக்குத் திட்டுகிறாள். பிரமாதமாகத் திட்டினாள். என்னைத் திட்டுவதற்கும் நானே வசனம் எழுதிக்கொண்டு, நானே ஆறுதலும் பட்டுக்கொண்டு... கிழித்தேன்.

நடந்தது இது. வியாழக்கிழமை அவள் வந்தாள். இதைக் கதையாக எழுதுகிறேன், பெயரையெல்லாம் மாற்றிவிட்டேன் என்றேன்.

"எனக்கு என்ன பேருங்க?"

"அகல்யா."

"நல்லாருக்குது." பிறகு, "எங்க ஊட்டுக்காரரு படிச்சா அது நான்தான்னு தெரியுங்களா?" என்றாள்.

"தெரியாது சாமி."

"அப்ப அது எனக்கு எதுக்குங்க?"

அவளே மேலே சொன்னாள்.

"திங்கக்கெழமை மனு வாங்கற நாளு, கலெக்டர் ஆபீசுக்கு மறுபடியும் போய் வரிசையில நிக்கப் போறனுங்க. நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். பக்கத்துல வந்து நின்னு, அந்த வரி நான் எழுதினதுன்னு உங்க வாயால சொல்லுங்க."

வாரேன் என்றேன்.

7

இன்று சனிக்கிழமை. அங்கே என்ன சொல்வது என்று காலையில் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் வந்தது. நன்றாக வந்தது. படித்துப் பார்த்ததும் மனசு லேசாகிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தவள்போலப் போய்க் காப்பி போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவும்போதுதான் உறைத்தது, இன்னும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்று.

அதனால் அந்தப் பக்கத்தை இங்கே சேர்க்கவில்லை. அதை இங்கே எழுதிவிட்டால் நான் போக மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

இது உங்கள் கைக்கு வரும்போது திங்கட்கிழமை போயிருக்கும். அகல்யாவுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி நின்றாளா, வாயைத் திறந்தாளா என்பது அன்றைக்கு அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள். நான் நன்றாகச் சொல்லிவிடுவேன்.