வராத விருந்தாளிக்கு ஒரு ஆள்

வண்டியிலிருந்து நான் ஒரு பக்கம் இறங்கினேன். மறுபக்கத்துக் கதவை ஒருவர் ஓடிவந்து திறந்தார். ஒல்லியான ஆள், நல்ல உயரம். காலி இருக்கையைப் பார்த்து, "வாங்க ஐயா, பார்த்து இறங்குங்க, படி தாழ்வா இருக்கு" என்றார். யாரோ நிதானமாக இறங்கி முடிக்கும்வரை காத்திருப்பவர் போல நின்றுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினார்.

என் கணவர் இறந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்தக் காட்டு விடுதியில் இடம் பிடித்தது அவர்தான். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசிலும் படிக்கற்களிலும் குறை கண்டுபிடிப்பதற்காக அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஓய்வுக்குப் பிறகு அதே வேலையைச் சம்பளமில்லாமல் வீட்டில் செய்தார். விடுதிக்காரர்களோடு போனிலேயே சண்டை. "ஏசி கிடையாதாம். பூமிக்கு நல்லதாம். எனக்கு நல்லதான்னு யாராவது கேட்டானா?" என்று கத்திக்கொண்டே இரண்டு பேருக்கு இடம் பிடித்தார். பிறகு ஒரு காலை, செருப்பு வார் தைத்த லட்சணத்தைத் திட்டிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

"நீ மட்டுமாவது போயிட்டு வாம்மா" என்றாள் மகள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமிருந்து தப்பிக்கவே நான் சம்மதித்தேன். வந்தவர்கள் எல்லோரும், "தங்கமான மனுஷன், யாரையும் ஒரு சொல் கடிஞ்சு பேசினதில்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீடு மாறி வந்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். என் வீட்டிலிருந்து ஒருவர் போனது போதாதென்று, போனவரையும் மாற்றி வேறு யாரையோ வைத்துவிட்டுப் போனார்கள்.

மேலாளர் சின்ன வயது. சட்டையில் மரப்பொத்தான். என்னைத் தனியே அழைத்துப்போய் விளக்கினார்.

"மேடம், இது சுத்தியிருக்கிற ஊர்க்காரங்களோட விடுதி. ஒரு விருந்தாளிக்கு ஒரு ஆள். வீட்டுக்கு வீடு முறை வரும்."

"என் கணவர் வரலையே. மகள் சொல்லியிருப்பாளே."

"சொன்னாங்க மேடம். ரொம்ப வருத்தப்பட்டோம். ஊர்க்கூட்டத்துலயும் பேசினோம். இங்க நாங்க எதையும் வீணாக்குறதில்ல. குளிச்ச தண்ணி செடிக்குப் போகுது. கழிவறையில இருந்து உரம் வருது. ஒரு வீட்டோட முறையை மட்டும் எப்படி மேடம் வீணாக்குறது?"

"அப்படின்னா முறைக்கு வந்தவர் சும்மா இருந்துட்டுச் சம்பளத்தை வாங்கிக்கட்டும்."

பின்னால் நின்ற ஒல்லி ஆள் காதில் அது விழுந்துவிட்டது. "நான் என்ன திருடனாம்மா? வேலை செய்யாம எப்படி வாங்குறது?" என்றார். நிஜமாகவே கோபம்.

எனக்கென்று வந்திருந்த பெண் சிரித்தாள். "கோவிச்சுக்காதீங்கம்மா, இவரு என் கொழுந்தன். ஒட்டடைக்குச்சின்னு ஊர்ல பேரு, சுருக்கமா ஒட்டடை. நான் உங்க ஆளு, இவரு ஐயாவோட ஆளு." பிறகு அவரைப் பார்த்து, "ஐயாவை வெயில்லயே நிக்க வெச்சிருக்கீரே கொழுந்தனாரே" என்றாள். ஒட்டடை பதறிப்போய்க் குடையை விரித்தார்.

அறை மண்சுவர், ஓலைக்கூரை. இரண்டு கட்டில். படுக்கை விரித்துக்கொண்டே அண்ணிக்காரி விஷயத்தைச் சொன்னாள். ஒட்டடைக்கு முன்பு ஒருமுறை முறை வந்ததாம். அந்த விருந்தாளி குளியலறையில் பல்லியைப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஊரைப் பார்க்கப் போய்விட்டார். ஒட்டடை வீடு வரிசையில் கடைசிக்குப் போனது. இந்தத் தடவை சரியாக முடிந்தால் விடுதித் தோட்டத்தில் அவருக்கு நிரந்தர வேலை. நகரத்தில் யார் வீட்டிலோ சமைத்துக்கொண்டிருக்கிற அவர் மனைவி ஊருக்குத் திரும்பிவிடலாம்.

"சரியா முடியிறதுன்னா?"

"கிளம்புறதுக்கு முந்தின நாள் ஊர்க்கூட்டம் வரும். ஆள் நல்லாக் கவனிச்சுக்கிட்டான்னு விருந்தாளி தன் வாயால சொல்லணும். வேற யாரும் சொன்னா செல்லாது."

"இவர் எப்படிச் சொல்லுவார்?"

"அதான் நீங்க இருக்கீங்களே" என்று தலையணையைத் தட்டி வைத்தாள்.

ஒட்டடை வேலையில் குறை வைக்கவில்லை. சூரியச் சூட்டில் காய்ந்த வெந்நீரை இரண்டாவது வாளியில் கொண்டுவந்து வைப்பார். அது ஆறியதும், "ஐயா குளிச்சாச்சு" என்று எடுத்துப்போய்ச் செடிக்கு ஊற்றுவார். கசங்காத விரிப்பை உதறி மறுபடி விரிப்பார். ஜீப்பில் பக்கத்து இருக்கையில் என் பையை வைத்தேன். "அம்மா, ஐயா மடியில வெச்சிட்டீங்க" என்று எடுத்து என் காலடியில் வைத்தார். ஜீப் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பழகிடும்மா, எனக்குப் பழகிடுச்சு. நேத்து ஐயாவுக்காக மெதுவா ஓட்டச் சொன்னான். ஓட்டினேன்" என்றார்.

விடிந்ததும் ஒட்டடை ஐயாவைத் தனியாக நடக்கவும் அழைத்துப்போனார். ஒருநாள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"அம்மா, ஐயா சிறுத்தையைப் பார்த்துட்டார்!"

"எங்கே?"

"ஓடைக்கு அந்தாண்ட. படுத்துக்கிட்டு வாலை ஆட்டிக்கிட்டிருந்துச்சு. ஐயாவுக்கு ஒரே சந்தோஷம். கைகொட்டிச் சிரிச்சார்."

அதுவரை நான் பார்த்தது ஓடுகிற மான்களின் பின்பக்கத்தை மட்டும்தான். முதலில் பொறாமையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"அவர் கைகொட்டிச் சிரிக்கிற ஆள் இல்லை."

"சரிம்மா, லேசா ஒரு புன்சிரிப்பு."

"அதுவும் இல்லை. இவ்வளவுதானா, இதைவிடப் பெரிசா ஒண்ணும் இல்லையான்னு கேட்டிருப்பார். விடியறதுக்கு முன்னாடி எழுப்பினதுக்கு உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பார்."

ஒட்டடையின் முகம் செத்துப்போனது. "அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா. ஐயா தங்கமானவர். வந்த நாள்லேருந்து கூடவே இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"எனக்குக் கல்யாணமான நாள்லேருந்து தெரியும்."

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணிக்காரி திரும்பினாள். "எதுக்குச் சண்டை? ஆளுக்குப் பாதியா எடுத்துக்கங்களேன்."

ஒட்டடை சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து தரையில் குந்தினார். "அம்மா, கூட்டத்துல ஐயா திருப்தியா இருக்கார்னு ஒரே ஒரு வார்த்தை. குறை சொன்னார்னா மறுபடியும் கடைசிக்குப் போயிடுவேன். அவ அங்கேயே கிழவியாயிடுவா."

"உங்களைப் பத்தி நான் சொல்றேன். எவ்வளவு வேணும்னாலும் நல்லதாச் சொல்றேன்."

"நீங்க எங்க அண்ணியோட விருந்தாளிம்மா. நீங்க சொல்றது அவங்க கணக்கு."

அவருக்கு உதவ மனம் இருந்தது. ஆனால் என் கணவர் திருப்தியாக இருக்கிறார் என்று சொன்னால், துக்கம் விசாரிக்க வந்தவர்களின் கூட்டத்தில் நானும் போய்ச் சேர்ந்துவிடுவேன். அந்தச் சொல் என் வாயில் வரவே வராது.

கூட்டம் சாப்பாட்டுக் கூடத்தில், மதியத்துக்கு மேல். ஊர்த்தலைவி ஒரு தையற்காரி. ரவிக்கையில் ஊசிகள் குத்தியிருந்தன. அதே நாட்களில் விடுதியில் தங்கியிருந்த புதுமணத் தம்பதி முதலில் எழுந்து, எல்லாமே அற்புதம், எதுவுமே குறையில்லை, மறுபடி கட்டாயம் வருவோம் என்றார்கள். தையற்காரி கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். நான் என் ஆளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னேன். அண்ணிக்காரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அடுத்து, ஐயா பேசட்டும்."

என் பக்கத்தில் காலி நாற்காலி. அதன் பின்னால் ஒட்டடை, குளித்து, தலை வாரி, கைகட்டி நின்றிருந்தார். கூடமே நாற்காலியைப் பார்த்தது. நாற்காலி பேசவில்லை. மேலாளர் என் பக்கம் குனிந்து, "மேடம்..." என்று இழுத்தார்.

எழுந்து நின்றேன். "அவர் என்ன சொல்லுவாரோ அதைச் சொல்றேன். அதுல ஒரு வார்த்தை கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்."

"அதான் வேணும்" என்றாள் தையற்காரி.

"இந்தத் தலையணையில என்னத்தை அடைச்சு வெச்சிருக்கீங்க? திரும்பிப் படுத்தா யாரோ பக்கத்துல உக்காந்து பொரி திங்கிற மாதிரி சத்தம். மனுஷன் தூங்குற நேரத்துல எழுப்பிக் காட்டுக்குள்ள இழுத்துட்டுப் போறாங்க, யார் கேட்டா? ஜீப்புல முன்சீட்டு ஆடுது. துண்டு ஈரத்தை இழுக்க மாட்டேங்குது, தள்ளி விடுது. இந்த ஆளு..." ஒட்டடையைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இந்த ஆளு ஓயாம பேசுறான். அப்புறம் அந்த வாளி. வெளியே ஒரு அளவு போட்டிருக்கு. உள்ளே அவ்வளவு பிடிக்காது. ஊரை ஏமாத்துற வாளி."

அவர் குரல் எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை. உட்காரவும் மறந்து நின்றேன்.

கூடத்தில் யாரோ, "வாளியா? கொண்டா பார்ப்போம்" என்றார்கள். சமையல்காரர் அளவுக்குவளையைக் கொண்டுவந்தார். ஒட்டடையே வாளியைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார், தூக்குமேடைக்குத் தானே கட்டையைத் தூக்கி வருகிறவர் மாதிரி. எல்லோரும் வாய்விட்டு எண்ண, ஒவ்வொரு குவளையாக ஊற்றினார்கள். கடைசிக் குவளை பாதியில் இருக்கும்போதே வாளி நிரம்பி வழிந்தது.

கூடம் அடங்க நேரமாயிற்று. சத்தியமாக எனக்குத் தெரியாது. அவர் எந்த வாளியைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லுவார்.

"தங்காத ஆளுக்கு இது எப்படித் தெரியும்?" என்றாள் தையற்காரி. "இத்தனை வருஷமா அற்புதம் அற்புதம்னே கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இவர் ஒருத்தர்தான் நிஜமாத் தங்கியிருக்கார்." பிறகு நாற்காலியை நோக்கி, வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை மரியாதையாகக் கேட்டாள். "ஐயா மறுபடி வருவீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வரமாட்டார்" என்றேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "அவர் செத்துப்போயிட்டாருங்க. இனிமே வரமாட்டார்."

போனிலும் நேரிலும் மகள்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து அது வந்தது அங்கேதான்.

தையற்காரி எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "அது எங்களுக்குத் தெரியும்மா" என்றாள் தாழ்ந்த குரலில். "அதைத் தள்ளி வெச்சிட்டுத்தானே பேசிக்கிட்டிருக்கோம். வருவேன்னு சொன்ன எத்தனை பேர் திரும்பி வந்தாங்க? எல்லாத்துலயும் குறை சொன்னவர், ஆளுகிட்ட என்ன கண்டார்? ஓயாம பேசுறான். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அது ஊருக்கே தெரிஞ்சதுதான்" என்றார் ஜீப் ஓட்டுநர். கூடம் சிரித்தது. தையற்காரி சம்மதத்துக்குக் கையைத் தூக்கினாள். மற்றவர்களும் தூக்கினார்கள். அண்ணிக்காரி இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

ஒட்டடை துள்ளிக் குதிக்கவில்லை. நாற்காலிப் பக்கம் குனிந்து, "தலையணை விஷயத்தை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா, மாத்தியிருக்க மாட்டேனா" என்றார். உண்மையாகவே மனம் நொந்திருந்தது.

சாயங்காலம் அறை வாசலில் நின்று மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

"கிளம்பி வாடி. ஆமா, கிடைச்சிடுச்சு... ஐயாவா? யப்பா, ஏன் கேக்குற. சரியான ஆளு. ஒண்ணுமே பிடிக்கல அவருக்கு. தலையணை பிடிக்கல, துண்டு பிடிக்கல, என்னையும் பிடிக்கல. வாளியை அளந்து காமிச்சாங்கன்னா பாரேன்."

நான் வாசலுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் போனை நெஞ்சில் பொத்திக்கொண்டார்.

"அம்மா, சாப்பாட்டைப் பத்தி ஐயா ஒண்ணும் சொல்லலையேன்னு கேக்குறா. இங்க சமையலுக்கு வரலாமான்னு அவளுக்கு ஒரு யோசனை."

"உப்பு கம்மின்னார்" என்றேன்.

"உப்பு கம்மியாம்" என்றார் போனில். கொஞ்சம் கேட்டுவிட்டு மறுபடி என்னிடம் திரும்பினார். "வேற என்ன சொன்னார்னு கேக்குறா."

நான் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.