ஆடாத பாலம்

தார்ப் பீப்பாவை உருட்டி நடு வீதியில் நிறுத்திவிட்டு, பொறியியலாளர் இரத்தினேஸ்வரி அதன் மேலேயே சாய்ந்துகொண்டாள். தம்பலகாமத்துச் சனத்தை ஏற்றிக்கொண்டு வந்த பஸ், பீப்பாவை மோப்பம் பிடிக்கிற தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது.

“என்ன மிஸ், திறப்புவிழா பாலத்துக்கா, பீப்பாவுக்கா?” என்றான் சாரதி அபூதாஹிர்.

குண்டில் உடைந்து ஒட்டுப்போட்ட பாலம் அது. பஸ் ஏறலாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்காக, ரிப்பன் வெட்டக் கொழும்பிலிருந்து வந்த பெரியவர் கத்தரிக்கோலும் கையுமாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்.

மேலதிகாரி பாலசிங்கம் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். “விசரே பிள்ளை உமக்கு? சுத்தியலால அடிச்சுப் பாத்தனீர்தானே? அதிர்வு பாக்கிற மெசினில கோடு ஒரு துளியும் அசையேல்லை!”

“அதுதான் சேர் பயம். செத்தவன்ர நாடியும் அசையாது.”

எந்தப் பாலமும் அடித்தால் கொஞ்சமாவது அதிரும். இங்கேயோ அடிக்கும்போது கோடு படுத்துக் கிடந்தது; சும்மா நிற்கும்போது குதித்தது. அதுவும் பக்கத்துக் காவலரணில் சிப்பாய் பூட்ஸ் காலோடு நடக்கும்போதெல்லாம்!

அதிர்வை அளக்கும் கருவி பாலத்தின் அடியில் இருப்பதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். இறங்கிப் பார்க்க அனுமதி இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். கைபிடிச் சுவரைத் தாண்டி இறங்கிய வயர், வளைந்து திரும்பிக் காவலரணுக்குள் ஏறியிருந்தது. அங்கே தீயணைக்கும் மணல் வாளி. அதற்குள் கழுத்துவரை புதைந்து கருவி சுகமாக இருந்தது.

“ஆமிக்காரன்ர வேலை,” என்று குசுகுசுத்தார் பாலசிங்கம். “பாலத்தில வயரைக் கண்டால் குண்டெண்டு நினைப்பாங்கள். கதையை வளர்க்காதையும், பஸ்ஸை விடும்.”

அவள் கருவியைப் பிடுங்கினாள். பாலத்தின் தளத்தில் மெழுகால் ஒட்டினாள். சுத்தியலால் ஓங்கி ஒரு அடி.

கோடு தாளை விட்டே பாய்ந்தது. அபூதாஹிர் எஞ்சினை நிறுத்தினான். யாரும் சொல்லாமலே சனம் பஸ்ஸிலிருந்து இறங்கத் தொடங்கியது. பெரியவர் கத்தரிக்கோலைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

இரத்தினேஸ்வரி சிப்பாயிடம் பாய்ந்தாள். “இத்தனை சனம் ஆத்துக்குள்ள போயிருக்கும்! ஏன் இதைக் கழட்டினனீங்கள்?”

“நான் இல்ல, மிஸ்.” சிப்பாய் பாவமாகப் பாலசிங்கத்தைக் காட்டினான். “அந்த மாத்தயா. நேத்து அடிச்சுப் பாத்தது. பாலம் நல்லா ஆடினது. பொறகு அவர்தான் வாளில வெச்சது.”