பொட்டாஷில் ஊறும் வயிறு

1

ஆம்பூர் பஸ் நிலையத்தில் வேலூர் பஸ் வராத எரிச்சலில் ஒரு புங்க இலையைக் கிள்ளினேன். இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது, பெரிய காரணம் எதுவும் இல்லை. இலைக்குள் வெள்ளையாக ஒரு கோடு வளைந்து வளைந்து ஓடியது.

"உள்ள புழு தின்னுக்கினே போயிருக்கு சார். அந்துப்பூச்சியா வெளிய வரும்," என்றாள் பக்கத்தில் நின்ற பெண். பஸ் வந்துவிட்டது, பெயர் கேட்கவில்லை. ஷர்மிளா என்று நானே வைத்துக்கொண்டேன்.

(புழு இலைக்குள் எழுதுகிறது என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அது எழுதவில்லை, தின்கிறது. எழுதுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் தன் நினைப்புதான்.)

2

முதல் வரைவு: பாலாற்றங்கரையில் பொழுது விடிந்தபோது ஷர்மிளா

வேண்டாம். பாலாறு வந்தால், அது வறண்டுபோனதற்கு நான் ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடுவேன்.

இரண்டாம் வரைவு: மேல்விஷாரத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில், ஓர் அந்துப்பூச்சியின் கடுகைவிடச் சிறிய வயிற்றைப் பிரித்தெடுத்து, சூடான பொட்டாஷ் கரைசலில் போட்டாள் ஷர்மிளா.

இது சரி. வயிறு ஊறட்டும். அதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

3

புங்க இலையைக் குடைவது ஒரே இனம் என்றுதான் என் கதையில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஷர்மிளா, இப்போது வயிறு ஊறுகிறதே, அந்தப் பூச்சியின் ஒரு காலை மட்டும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். வேறு இனம் என்று பதில் வந்தது. அவளுடைய வழிகாட்டி கோதண்டபாணி அசையவில்லை.

"ஜீன் சொன்னா ஆச்சாம்மா? உடம்பும் சொல்லணுமே. ஆண் உறுப்பப் பிரிச்சிக் காட்டு, ஒத்துக்கறேன்."

அது வயிற்று நுனியில் இருக்கிறது; சுற்றியுள்ள சதையைக் கரைத்தால்தான் தெரியும். இனத்துக்கு இனம் அதன் வடிவம் மாறும். சிக்கல் என்னவென்றால், அவளிடம் இருந்த ஆண் இது ஒன்றுதான். அது வளர்ந்த மரத்தைச் சாலை அகலப்படுத்த வெட்டிவிட்டார்கள். பறித்து வைத்திருந்த மற்ற இலைகளிலிருந்து, புழுவைத் தின்று வளர்ந்த குளவிகள்தான் வெளியே வந்தன. வேறு புங்க மரங்களில் பழைய இனமே கிடைத்தது. இந்த வயிறு போனால் அவளுடைய இனமே போச்சு.

4

இந்த இடத்தில் ஷர்மிளாமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பூச்சி பூச்சி என்கிறாளே, இவளுக்கு வீடு வாசல் கிடையாதா? அதனால் அவள் அப்பாவைப் போன் செய்ய வைத்தேன். பெயர் இருதயராஜ். தோல் தொழிற்சாலையில், தோலை ஊறவைத்து மயிரைக் கழற்றும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை.

"இன்னா பண்ற?"

"பூச்சி வயித்த ஊற வச்சிருக்கேம்பா. உங்க தொட்டி மாதிரிதான். சதை கரையணும், கூடு நிக்கணும்."

"ஜாஸ்தி ஊறிட்டா?"

"கூடும் போய்டும். அப்புறம் பாக்க ஒண்ணும் இருக்காது."

"அப்போ போன வைம்மா!"

அவள் வைக்கவில்லை. நான் வைக்கவிடவில்லை. அப்பாவும் மகளும் பேசுவது நன்றாக வந்துகொண்டிருந்தது. இருதயராஜை அடுத்துக் கல்யாணப் பேச்சை எடுக்க வைத்தேன். அவளும் பதிலுக்குச் சண்டை போட்டாள்.

5

முடிவு அ: உறுப்பு வேறு. புது இனம். ஷர்மிளா அதற்கு அப்பா பெயரை வைக்கிறாள். (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: உறுப்பு அச்சு அசலாகப் பழையதேதான். ஜீன் ஒன்று சொல்கிறது, உடம்பு ஒன்று சொல்கிறது. கோதண்டபாணி தலையைச் சொறிகிறார். (எனக்குப் பிடித்தது இதுதான்.)

முடிவு இ: ஷர்மிளா திரும்பிப் பார்க்கும்போது கிண்ணத்தில்

இல்லை. இதை எழுத மாட்டேன்.

6

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வரைவு போட்டு, அடித்து, அடைப்புக்குறிக்குள் மேதாவித்தனம் காட்டிய நேரமெல்லாம் அந்த வயிறு ஊறிக்கொண்டேதான் இருந்தது. கதை ஓடும்வரை அவளால் போனை வைக்க முடியாது. நான் நிறுத்தலாம் என்றால் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஊசியும் தண்ணீர்க் கிண்ணமும் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. வயிற்றை எடுத்துத் தண்ணீரில் போட்டால் போதும், கரைவது நின்றுவிடும். உள்ளே இருப்பது ஓர் இனமா, இரண்டா என்று அவளே பார்த்துக்கொள்வாள். நான் அங்கே தேவையில்லை.

இருதயராஜ் மறுபடியும் கத்துகிறார். "வைம்மா போன!"

புத்தகத்தை மூடுங்கள். அவள் போனை வைக்கட்டும்.

இன்னும் ஏன் படிக்கிறீர்கள்?